கட்டுரைத் தொடக்கம்

கட்டுரைத் தொடக்கம் என்பது ஒரு கட்டுரையின் அல்லது கட்டுரையுள் அடங்கிய ஒரு பத்தியின் முதற் பகுதியைக் குறிக்கும். பள்ளி வழக்கில் இது முன்னுரை எனப்படுகிறது. நூலுக்கு அமையும்போது பாயிரம், முகவுரை, நூன்முகம் ஆகிய பெயர்களும், சொற்பொழிவுக்கு அமையும்போது தோற்றுவாய் என்ற பெயரும் இதற்கு உண்டு. எடுத்துக்கொண்ட பொருள் இன்னது என்று அறிவிப்பதும், படிப்பவரை அடுத்த வாக்கியத்துக்கு இட்டுச் செல்வதும் இதன் முதன்மையான பணிகள் ஆகும். இவ்விரண்டில் எது முந்தியது என்பது பற்றி இலக்கண நூலாரும் பேச்சுக்கலை அறிஞரும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு கருத்துகளைக் கூறி வந்துள்ளனர்.

சொல்லும் பொருளும்

கட்டுரை என்ற சொல் பழைமையானது. சிலப்பதிகாரத்தின் ஒவ்வொரு காண்டத்தின் இறுதியிலும் கட்டுரை என்ற பெயரில் ஒரு பகுதி உள்ளது. ஆயினும் அங்கு அச்சொல் இன்று நாம் கருதும் உரைநடை வடிவத்தைக் குறிக்கவில்லை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு சில பக்கங்களில் ஆராயும் இன்றைய கட்டுரைக்கு முன்னோடிகளாகப் பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேய்ன் 1580இல் வெளியிட்ட நூலும், ஆங்கிலேயரான பிரான்சிசு பேக்கன் 1597இல் வெளியிட்ட பத்துக் கட்டுரைகளும் கொள்ளப்படுகின்றன.

பத்தி என்பதும் அச்சுக் காலத்தில் தமிழில் நிலைபெற்றதே. ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. வரிகள் தொடர்ந்து சென்றன. ஒரு கருத்து முடிந்து மற்றொரு கருத்து தொடங்கும் இடத்தைக் கண்ணால் காண வழியில்லாத நிலையில், அதனைச் சொல்லால் உணர்த்த வேண்டிய பொறுப்பு ஆசிரியருக்கு இருந்தது. பழைய உரைகளில் ஒரு வினாவை எழுப்பி, 'எனின்' என்று நிறுத்தி, பின்னர் விடை கூறும் முறை மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

தமிழ் மரபில் பாயிரம்

தொடக்கத்தைப் பற்றித் தமிழில் விரிவாக இலக்கணம் கூறும் நூல்களுள் நன்னூல் குறிப்பிடத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்க இயற்றிய இந்நூல், எழுத்து, சொல் இலக்கணங்களுக்குள் புகுவதற்கு முன்னரே பாயிரத்தின் இலக்கணத்தைக் கூறுகிறது. ஒரு நூல் எத்துணை விரிந்ததாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது அதன் துணிபு. மாடத்துக்கு ஓவியமும் பெருநகருக்குக் கோபுரமும் போலப் பாயிரத்தை நூலுக்கு முன் அமைத்தனர் என்றும் அது கூறுகிறது.

பாயிரம் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என இருவகைப்படும். நூலின் இயல்பு, ஆசிரியன் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணாக்கன் இயல்பு, கற்கும் முறை ஆகியன பொதுப்பாயிரத்தில் அடங்கும். சிறப்புப்பாயிரமோ குறிப்பிட்ட ஒரு நூலைப் பற்றியது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் அது தெரிவிக்க வேண்டும். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் அளித்த சிறப்புப்பாயிரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். வேங்கடமும் குமரியும் எல்லைகளாகச் சுட்டப்படுவதும், நூல் அரங்கேறிய பாண்டியன் அவையும் அதங்கோட்டாசானும் குறிப்பிடப்படுவதும் அதில்தான்.

தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால் சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் எழுதுவதில்லை. அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுதுவர். இன்றைய நூல்களில் பிறரிடம் அணிந்துரை பெறும் வழக்கம் இம்மரபின் தொடர்ச்சியே.

பாயிரம் எதற்கு என்ற வினாவுக்குத் தொல்காப்பிய உரைமரபு இரண்டு உவமைகளால் விடை கூறுகிறது. பாயிரம் கேளாமல் நேரே நூலுக்குள் புகும் மாணாக்கன், மலையில் மோதிக்கொண்ட சிறு பறவையைப் போலவும், வேட்டுவர் வாழும் ஊருக்குள் வழி தெரியாமல் புகுந்துவிட்ட மானைப் போலவும் இடர்ப்படுவான் என்பது அவ்விளக்கம். தொடக்கம் என்பது அழகுக்காக மட்டும் அமைவதன்று, படிப்பவரின் அச்சத்தையும் குழப்பத்தையும் நீக்குவதற்காக அமைவது என்ற கருத்து இவ்வுவமைகளில் வெளிப்படுகிறது. கோபுர உவமையைவிட இதுவே கட்டுரை எழுதுபவருக்குப் பயன்படக் கூடியது.

மேற்கூறிய எட்டில் நான்கு இன்றைய கட்டுரைக்கும் பொருந்தும். எதைப் பற்றிப் பேசுகிறோம், எதுவரை பேசுகிறோம், யாருக்காகப் பேசுகிறோம், படித்தால் என்ன கிடைக்கும் என்பனவே அவை. (பாயிரத்தில் எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறித்தது. கட்டுரையாளர் அதனைப் பொருளின் எல்லையாகக் கொள்ளலாம்.) இந்நான்கையும் தலைப்பிட்டு எழுத வேண்டியதில்லை. முன்னுரையைப் படித்து முடித்தவரால் இந்நான்கு வினாக்களுக்கும் விடை கூற முடிந்தால் போதுமானது.

செய்யுள் நூல்களில் முதற்சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. பாட்டியல் நூல்கள் முதற்சொல் மங்கலச் சொல்லாக இருத்தல் உள்ளிட்ட பத்துப் பொருத்தங்களை வகுத்தன. திருமுருகாற்றுப்படை, கம்பராமாயணம், பெரியபுராணம் ஆகிய மூன்றும் உலகம் என்ற சொல்லைக் கொண்டே தொடங்குகின்றன. பெரியபுராணத்தின் முதற்சொல்லைத் தில்லை இறைவனே சேக்கிழாருக்கு எடுத்துக் கொடுத்தார் என்பது மரபு. புலவர் தம் குறைபாட்டைப் பணிவுடன் கூறும் அவையடக்கமும் தொடக்கத்தின் ஓர் உறுப்பாக இருந்தது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குக் கம்பர் தம்மை ஒப்பிட்டார். மாணவர் கட்டுரைகளில் 'எனக்குத் தெரிந்த சில கருத்துகளைக் கூற விழைகிறேன்' என்று வரும் வாக்கியம் இதன் எச்சமாகலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட காப்பியத்தின் முன் அடக்கம் பொருந்தும். இரண்டு பக்கக் கட்டுரையில் அது ஒரு வரியை வீணாக்குவதோடு முடிந்துவிடுகிறது.

கிரேக்க, உரோமப் பேச்சுக்கலையில்

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தம் பேச்சுக்கலை நூலின் மூன்றாம் பகுதியில் பேச்சின் தொடக்கத்தைக் குழல் இசைப்போர் முதலில் இசைக்கும் முன்னிசையோடு ஒப்பிடுகிறார். பேச்சின் நோக்கம் எது என்பதைக் காட்டுவதே தொடக்கத்தின் இன்றியமையாத பணி என்பது அவர் கருத்து. கேட்போரின் கவனத்தை ஈர்ப்பதற்காகவே தொடக்கம் உள்ளது என்ற பரவலான எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. தொடக்கத்தில்தான் அனைவரும் கவனமாக இருக்கின்றனர், கவனம் தளர்வது பிற இடங்களில்தான், ஆகவே கவனத்தைத் தூண்டும் முயற்சி தேவைப்படும் இடத்தில் செய்யப்பட வேண்டும் என்று அவர் வாதிடுகிறார். முன்னுரையை மட்டும் பலமுறை மெருகேற்றிவிட்டு நடுப்பகுதியை விரைந்து முடிப்போர் இதனைக் கருத்தில் கொள்ளலாம்.

உரோமச் சொற்பொழிவாளர் சிசெரோ (கி.மு. 106–43) தொடக்கத்துக்கு மூன்று நோக்கங்களை வகுத்தார். கேட்போரை நல்லெண்ணம் உடையவராகவும், கவனம் உடையவராகவும், அறிந்துகொள்ள விருப்பம் உடையவராகவும் ஆக்குதல் வேண்டும். கேட்போர் முன்னரே நட்புடன் இருந்தால் நேரடியாகத் தொடங்கலாம். பகையுணர்வோடு இருந்தால் மறைமுகமாக, அவர்கள் ஏற்றுக்கொண்ட ஒன்றிலிருந்து மெல்லப் புக வேண்டும். சிக்கலான பொருளில் எதிர்க்கருத்து உடையவர்களுக்காக எழுதும்போது இந்த இரண்டாம் முறை இன்றும் கையாளப்படுகிறது.

அவருக்குப் பிற்பட்ட கவிஞர் ஹொரேஸ் (கி.மு. 65–8) கதையை நடுவிலிருந்தே தொடங்கும் ஹோமரின் முறையைப் பாராட்டினார். திராயப் போரைச் சொல்வதற்கு எலன் பிறந்த முட்டையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்றார். பெரும் அறிவிப்போடு தொடங்கிச் சிறிய பொருளில் முடியும் நூலை, மலை ஈன்ற எலிக்கு ஒப்பிட்டு நகையாடினார். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை தமிழிலும் பழமொழியாக உள்ளது. நன்னூல் இக்குறையைச் 'சென்று தேய்ந்து இறுதல்' என்று பெயரிட்டு நூலின் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்துள்ளது.

சீனத் தேர்வுக் கட்டுரை

தொடக்கத்துக்கு மிகக் கடுமையான விதிகள் இருந்தது சீனாவில் எனலாம். மிங், சிங் பேரரசுகளின் காலத்தில் அரசுப் பணித் தேர்வுகளில் எட்டுக்கால் கட்டுரை என்னும் வடிவம் வழங்கியது. கன்பூசிய மரபின் நான்கு நூல்களிலிருந்து ஒரு தொடர் தலைப்பாகத் தரப்படும். தேர்வர் முதல் இரண்டு வாக்கியங்களில் அத்தலைப்பின் உட்பொருளை வெளிக்கொணர வேண்டும். தலைப்பை உடைத்தல் என்பது அப்பகுதியின் பெயர். தலைப்பில் உள்ள சொற்களை அப்படியே திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களில் பொருளை உணர்த்த வேண்டும் என்பது விதி. அடுத்து வரும் பகுதி அதனை ஏற்று விளக்கும். தேர்வரின் எதிர்காலம் பெரும்பாலும் இச்சில வரிகளில் தங்கியிருந்தது. காலப்போக்கில் ஆயத்தக் கட்டுரைகள் அச்சிடப்பட்டு விற்பனையாயின. தேர்வர்கள் அவற்றை மனப்பாடம் செய்தனர். சிந்தனையை முடக்குகிறது என்ற கண்டனத்துக்கு உள்ளான இவ்வடிவம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. 1905இல் அத்தேர்வு முறையே ஒழிக்கப்பட்டது.

பத்தியின் முதல் வாக்கியம்

ஒவ்வொரு பத்தியும் அதன் கருப்பொருளைக் கூறும் வாக்கியத்தோடு தொடங்க வேண்டும் என்ற விதி, இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் 1866இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரைப் பாடநூலால் பரவியது. அதன்பின் வந்த பாடநூல்கள் இதனை மாறா விதியாகவே கற்பித்தன. அமெரிக்கரான ரிச்சர்டு பிராடொக் 1974இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. இதழ்களில் வெளியான 25 கட்டுரைகளை அவர் ஆராய்ந்தபோது, பத்திகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு மட்டுமே கருப்பொருள் வாக்கியத்தோடு தொடங்கின. தேர்ந்த எழுத்தாளர்கள் கருப்பொருளை நடுவிலோ இறுதியிலோ வைக்கின்றனர், அல்லது வெளிப்படையாகக் கூறாமலே விடுகின்றனர். இதனால் விதி பயனற்றது என்றாகிவிடாது. விளக்கம் தெளிவாக இருக்க வேண்டிய பாடநூல்களிலும் தேர்வு விடைகளிலும் அது கைகொடுக்கிறது.

பத்தித் தொடக்கத்தில் கருப்பொருளைவிட முதன்மையானது முந்தைய பத்தியோடு உள்ள தொடர்பு ஆகும். 'மேலும்', 'அடுத்ததாக', 'அதுமட்டுமன்றி' என்று தொடங்கும் பத்திகள் வரிசையில் நிற்கின்றனவே தவிர ஒன்றோடொன்று பிணைவதில்லை. நகரத்து ஏரிகள் வீட்டு மனைகளாக மாறியதை ஒரு பத்தி கூறுவதாகக் கொள்வோம். அடுத்த பத்தி 'மேலும், ஆழ்துளைக் கிணறுகளும் ஒரு சிக்கலாகும்' என்று தொடங்கினால் இரண்டுக்கும் உள்ள உறவு தெரியாது. 'ஏரிகள் தூர்ந்தபின் மக்கள் நீருக்காக நிலத்தைத் துளைக்கத் தொடங்கினர்' என்று தொடங்கினால், முந்தைய பத்தி காரணமாகவும் இப்பத்தி விளைவாகவும் அமைந்துவிடுகின்றன. முன்னதன் இறுதியைப் பின்னதன் முதலாகக் கொள்ளும் அந்தாதித் தொடை தமிழ்ச் செய்யுளுக்குப் புதிதன்று. உரைநடையில் அதனைச் சற்றுத் தளர்த்திக் கையாண்டால் போதும்.

ஆய்வுக் கட்டுரையில்

ஜான் சுவேல்சு என்ற மொழியியலாளர் 1981இல் 48 ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்து அவற்றுக்கு ஒரு பொது அமைப்பு இருப்பதைக் காட்டினார். 1990இல் அதனை மூன்று நகர்வுகளாகத் திருத்தி அமைத்தார். ஆய்வுக் களத்தை அறிமுகப்படுத்துதல், அக்களத்தில் இதுவரை நிரப்பப்படாத இடத்தைச் சுட்டுதல், அவ்விடத்தைத் தம் ஆய்வு நிரப்புவதாக அறிவித்தல் என்பன அவை. இரண்டாம் நகர்வே பெரும்பாலான தொடக்கநிலை ஆய்வாளர்களிடம் விடுபடுகிறது. களத்தைப் பல பக்கங்களுக்கு விவரித்துவிட்டு நேரே 'இவ்வாய்வு' என்று வந்துவிடுகின்றனர். அந்த ஆய்வு எதற்கு என்ற வினா அப்படியே நின்றுவிடுகிறது.

எனினும் நகர்வுகளின் வரிசை மாறலாம். டி.என்.ஏ.யின் அமைப்பை அறிவித்து வாட்சன், கிரிக் இருவரும் 1953 ஏப்ரல் 25 அன்று நேச்சர் இதழில் வெளியிட்ட சிறிய கட்டுரை இதற்கு நல்ல சான்று. முதல் வாக்கியத்திலேயே தாம் ஓர் அமைப்பை முன்மொழிவதாகக் கூறுகின்றனர். இரண்டாம் வாக்கியம் அவ்வமைப்பின் புதுமைகள் உயிரியலுக்கு முதன்மையானவை என்கிறது. அதன் பின்னரே பாலிங், கோரி இருவரும் முன்னர்த் தெரிவித்த மூன்று இழை அமைப்பை எடுத்துக்கொண்டு அது ஏன் பொருந்தாது என விளக்குகின்றனர். சொல்வதற்குப் பெரிய செய்தி இருந்தபோது அதனை முதலில் வைத்தனர். உயிரின் வியப்பைப் பற்றிய வரி ஒன்றும் அங்கு இல்லை.

பள்ளிக் கட்டுரையில்

தமிழ்நாட்டுப் பள்ளித் தேர்வுகளில் முன்னுரை முதல் முடிவுரை வரையான குறிப்புகளைத் தந்து கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். இதனால் முன்னுரை என்பது நிரப்பப்பட வேண்டிய ஒரு கட்டமாகவே மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. நீர் மேலாண்மை என்ற தலைப்புக்குப் பின்வருமாறு எழுதப்படும் முன்னுரை எங்கும் காணக்கூடியது:

"மனித வாழ்வுக்கு நீர் மிகவும் இன்றியமையாதது ஆகும். நீர் இல்லையேல் உயிர்கள் இல்லை. எனவே நீரைப் பாதுகாப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும். அதனைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்."

இதில் பிழையான வாக்கியம் எதுவும் இல்லை. ஆனால் நீர் என்ற சொல்லை நீக்கிக் காற்று என்றோ மரம் என்றோ இட்டாலும் பத்தி அப்படியே நிற்கும். பொருளை மாற்றினாலும் மாறாத முன்னுரை அப்பொருளைப் பற்றி எதையும் கூறவில்லை என்பதே பொருள். நன்னூலார் இதனை 'வெற்றெனத் தொடுத்தல்' என்பார். நூறு விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர் இப்பத்தியை நூறு முறை படிக்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே தலைப்புக்கு வேறொரு தொடக்கம்:

"2019 ஜூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு 50 பெட்டிகளுடன் ஒரு தொடர்வண்டி சென்னைக்கு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 2015 டிசம்பரில், அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. பெய்த மழை எங்கே போயிற்று?"

இங்கு இடமும் நாளும் அளவும் உள்ளன. ஒன்றோடொன்று முரண்படும் இரு நிகழ்ச்சிகள் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. இறுதியில் வரும் வினா உண்மையான வினா ஆகும். அதற்கு விடை தேடுவதே கட்டுரையின் வேலை என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. இத்தொடக்கம் கட்டுரையாளரையும் கட்டுப்படுத்துகிறது. ஏரிகள், வடிகால்கள், மழைநீர் சேகரிப்பு, 2003இல் தமிழ்நாட்டில் அது கட்டாயமாக்கப்பட்டது ஆகியவற்றை அவர் பேசியாக வேண்டும். ஆற்றுநீர்ப் பங்கீட்டைப் பற்றி எழுதத் திட்டமிட்டிருந்தால் இத்தொடக்கம் பொருந்தாது.

வினாவால் தொடங்குவதில் ஓர் எச்சரிக்கை தேவை. 'நீரின்றி நாம் வாழ முடியுமா?' என்பது வினாக்குறி இட்ட கூற்று. ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் நகரம் ஏன் நீருக்குத் தவித்தது என்பது வினா.

எண்ணைக் கொண்டு தொடங்குவதும் வலிமை வாய்ந்தது. நூலகங்களைப் பற்றிய கட்டுரை, 1981 ஜூன் 1 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று தொடங்குமாயின், நூலகம் அறிவுச் சுரங்கம் என்ற வழக்கமான வரியை எழுத வேண்டிய தேவையே எழாது. எண் தவறாக இருந்தால் முழுக் கட்டுரையின் நம்பகத்தன்மையும் குலையும். உறுதியாகத் தெரியாத எண்ணைத் தவிர்ப்பதே நலம்.

மேற்கோளால் தொடங்குவது தமிழ் மாணவர்களிடையே மிகப் பரவலான முறை. பொருத்தமான குறள் ஒன்று பத்து வரிகளின் வேலையைச் செய்துவிடும். ஆனால் நீர் என்றால் இன்ன குறள், கல்வி என்றால் இன்ன குறள் என்று முடிவாகிவிட்ட நிலையில், மேற்கோள் படிப்பவருக்கு எதையும் புதிதாகத் தருவதில்லை. மேற்கோளுக்குப் பின் வரும் வாக்கியம் அதனோடு உரையாட வேண்டும், அதன் பொருளை விரிக்கவோ ஐயுறவோ வேண்டும். மேற்கோளை இட்டுவிட்டு அதனை மறந்துபோகும் கட்டுரைகள் ஏராளம். சொன்னவர் யார் எனத் தெரியாத பொன்மொழிகளுக்கு விவேகானந்தர் அல்லது அப்துல் கலாம் பெயரை இடும் பழக்கமும் உள்ளது. இது தவறான செய்தியைப் பரப்புவது ஆகும்.

வரையறையால் தொடங்குவது கலைக்களஞ்சியக் கட்டுரைகளுக்கு உரியது. இக்கட்டுரையும் அவ்வாறே தொடங்கியுள்ளது. ஒரு சொல்லின் பொருளைத் தேடியே வாசகர் அங்கு வருகிறார் என்பதால் அது பொருந்துகிறது. பிற கட்டுரைகளில், சொல் அறியப்படாததாகவோ அதன் பொருள் பற்றிக் கருத்து வேறுபாடு உள்ளதாகவோ இருந்தாலன்றி வரையறை தேவைப்படுவதில்லை.

எழுதும் வரிசை

முன்னுரை முதலில் படிக்கப்படுவது. ஆனால் முதலில் எழுதப்பட வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதலில் சொல்ல வேண்டியதைத் தாம் இறுதியிலேயே சிந்திப்பதாகச் சிசெரோவின் நூலில் வரும் அந்தோனியசு கூறுகிறார். தொடக்கத்தை முதலில் தேடியபோதெல்லாம் எவருக்கும் பொருந்தக்கூடிய வெற்றுரையே கிடைத்தது என்பது அவர் தரும் காரணம். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாஸ்கலும் ஒரு நூலை எழுதும்போது இறுதியாகக் கண்டறிவது எதை முதலில் வைப்பது என்பதையே என்று எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டின் உரோம ஆசிரியரான குயின்டிலியன் இதனை ஏற்கவில்லை. பேச்சுக்குத் தேவையானவை அனைத்தையும் முன்னரே எண்ணிப் பார்த்துவிடுவது சரியே, ஆனால் எழுதுவதைத் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

திருத்தி எழுத வாய்ப்புள்ள இடங்களில் சிசெரோவின் முறை எளிது. முதலில் தற்காலிகமாக ஒரு தொடக்கத்தை எழுதிக்கொண்டு, கட்டுரை முடிந்தபின் அதனை நீக்கிப் பார்ப்பது பதிப்பாசிரியர்கள் அறிவுறுத்தும் வழி. பல வேளைகளில் இரண்டாம் பத்தியே உண்மையான தொடக்கமாக இருப்பது அப்போது தெரியவரும். தேர்வறையில் இதற்கு இடமில்லை. அங்கு குயின்டிலியனின் முறையே பொருந்தும். விடைத்தாளின் ஓரத்தில் உட்தலைப்புகளுக்கான செய்திகளை ஓரிரு சொற்களில் குறித்துக்கொண்டு, அவற்றுள் மிக உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தொடக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு எழுதத் தொடங்கலாம். சில மாணவர்கள் முன்னுரைக்கு நான்கு வரி இடம் விட்டு உட்பகுதியை முதலில் எழுதுவதும் உண்டு. விட்ட இடம் போதாமல் எழுத்து நெருங்குவதே இம்முறையில் நேரும் சிக்கல்.